பிரிந்த பிறகு ஹோம் லோனை என்ன செய்வது? சென்னைத் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுப் பெரியவர்கள் நூறு ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் என் பையில் இருந்தது. 'இன்று முதல் மடிப்பாக்கம் ஃபிளாட்டின் கடனை மனைவியே கட்டுவார், கணவருக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை' என்று நாலு வரி. கீழே எங்கள் கையெழுத்து, என் சித்தப்பாவும் கணவருடைய மாமாவும் சாட்சி. வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருந்த அதிகாரி அதை முழுக்கப் படித்தார், பழைய மடிப்பிலேயே மடித்தார், மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார். "மேடம், இது உங்க ரெண்டு பேருக்குள்ள நடந்த பேச்சு. எங்க ஃபைல்ல ரெண்டு கையெழுத்து இருக்கு. நாங்க விடுவிக்கற வரைக்கும் ரெண்டும் இருக்கும்."

அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு ஒன்றரை வருடம் வங்கி, வக்கீல், சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் என்று அலைந்தபோது, அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது என்று புரிந்தது. இந்த விஷயத்தில் என்ன செய்கிறோம் என்பதைவிட எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் லட்சங்களைத் தீர்மானிக்கிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஒவ்வொரு ஃபைலும் வேறு மாதிரி இருக்கும், கடைசியாகக் கையெழுத்துப் போடும் முன் உங்கள் காகிதங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

1. நீங்கள் கடனில் யார், வீட்டில் யார்?

இரண்டும் வேறு வேறு. கடன் ஒப்பந்தத்தில் பெயர் இருந்தால் நீங்கள் கடன்காரர். கிரையப் பத்திரத்தில் பெயர் இருந்தால் நீங்கள் உரிமையாளர். இரண்டிலும் இருப்பவர்கள் நிறைய. ஆனால் சம்பளத்தைக் காட்டிக் கடன் தொகையை உயர்த்துவதற்காக மனைவியைக் கோ-அப்ளிகன்ட் ஆக்கிவிட்டு, பத்திரத்தைக் கணவர் பெயரில் மட்டும் பதிந்த குடும்பங்களும் உண்டு. அப்படியென்றால் பத்திரத்தின்படி வீட்டில் மனைவிக்குப் பங்கில்லை, கடனில் முழுப் பொறுப்பு உண்டு. இருப்பதிலேயே மோசமான நிலை இதுதான். இதில் இருப்பவர்கள் முதல் நாளே வக்கீலைப் பாருங்கள்.

'முழுப் பொறுப்பு' என்று தெரிந்தேதான் எழுதினேன். 'பாதிக் கடன் என்னுடையது, என் பாதியை நான் கட்டிவிடுவேன்' என்பது வங்கியிடம் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43-ஆவது பிரிவின்படி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுக் கடனையும் கேட்கலாம். கட்டியவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டு வாங்க அதே பிரிவு வழி தருகிறது. ஆனால் அது நீங்கள் இருவரும் தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு, வங்கி அதில் தலையிடாது.

இன்னொன்று. 'கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது எல்லாம் பாதிப் பாதி' என்று ஒரு நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. யார் பெயரில் பத்திரமோ அவருக்குத்தான் வீடு என்பதுதான் தொடக்கப் புள்ளி. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவர் சொத்துச் சேர்க்க உதவிய பங்களிப்புதான் என்று சொல்லி, அவருக்குச் சமபங்கு கொடுத்தது. பெயர் இல்லாதவர்கள் வக்கீலிடம் கேட்க வேண்டிய தீர்ப்பு அது. தானாகக் கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

பேச்சு முறிவதற்கு முன்னால் இதை முடிப்பது நல்லது, பிறகு அலமாரிச் சாவி யாரிடம் என்பதே ஒரு சண்டையாகிவிடும். வேண்டியவை: லோன் சாங்ஷன் லெட்டர், கடன் ஒப்பந்தம், தொடக்கத்திலிருந்து இன்றுவரை லோன் ஸ்டேட்மென்ட், வங்கி வாங்கி வைத்திருக்கும் மூலப் பத்திரங்களின் பட்டியல், கிரையப் பத்திரத்தின் நகல், கட்டுமான ஒப்பந்தம் தனியாக இருந்தால் அதுவும், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டிய இன்ஷூரன்ஸ் பாலிசி. பத்திரத்தில் யு.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) யார் பெயரில், எத்தனை பங்கு என்று வரிவரியாகப் படியுங்கள். பங்கு எதுவும் எழுதாமல் இரண்டு பெயர் மட்டும் இருந்தால், சமபங்கு என்றுதான் பேச்சு தொடங்கும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். அதில் உங்கள் கிரையப் பத்திரம் ஒரு வரியாகவும், வங்கிக்குப் பத்திரத்தை ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. இன்னொரு வரியாகவும் இருக்கும். அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியாத பதிவு எதுவும் இருக்கக் கூடாது.

பிறகு, யார் எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு. இ.எம்.ஐ. எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதை ஸ்டேட்மென்ட் சொல்லிவிடும். முன்பணம்தான் சிக்கல். எங்கள் வீட்டின் முன்பணத்தில் ஒரு பகுதி என் நகை. அடகு வைத்தோம், மீட்கவில்லை, மூழ்கிப்போனது. எந்த வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் அது என் பெயரில் இல்லை. நல்லவேளையாக அம்மா அடகு ரசீதுகளைப் பழைய பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்திருந்தார். கிராம் எடை, தேதி, தொகை எல்லாம் அதில் இருந்தது. மூன்று துண்டுச் சீட்டு, பின்னால் நடந்த பேச்சுவார்த்தையின் போக்கையே மாற்றியது. உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

3. இ.எம்.ஐ. நிற்கக் கூடாது

'அவர் அங்கே இருக்கிறார், அவரே கட்டட்டும்' என்று வீட்டை விட்டுப் போனவர் நிறுத்துவார். 'வீட்டில் பாதி அவருடையது, அவரும் கட்டட்டும்' என்று வீட்டில் இருப்பவர் காத்திருப்பார். இரண்டு பேரின் நியாயத்துக்கும் நடுவில் ஐந்தாம் தேதி வந்து போய்விடும்.

தவணை தவறிய நாளிலிருந்து 30 நாள் வரை ஒரு எச்சரிக்கை வகை, 60 வரை இன்னொன்று, 90 வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பலாம், அதற்கும் பணம் வராவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம். இரண்டு பேருடைய சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) முதல் தவறலிலேயே அடி வாங்கும். யார் நிறுத்தியது என்று அந்த ரிப்போர்ட்டில் ஒரு கட்டமும் கிடையாது.

வங்கி நோட்டீஸ், கடன் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும். வீட்டை விட்டு வந்தவர்கள், வந்த வாரமே புது முகவரியையும் மொபைல் எண்ணையும் வங்கியில் எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தற்காலிக ஏற்பாடு ஒன்று வேண்டும். இ.எம்.ஐ. போவதற்கென்றே ஒரு கணக்கை வைத்து, இருவரும் ஒப்புக்கொண்ட தொகையை மாதத்தின் முதல் தேதியிலேயே அதில் ஏற்றுவதுதான் எனக்குத் தெரிந்து சண்டை குறைந்த வழி. ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். மற்றவர் கட்டவில்லை என்றால், முடிந்தவரை நீங்கள் கட்டிவிட்டு, 'இந்த மாதத் தவணை முழுவதையும் நான் கட்டினேன், உங்கள் பங்கு பாக்கி' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். திட்ட வேண்டாம். தேதியும் தொகையும் போதும், ஒரு நாள் நீதிபதி படிக்கப்போகும் கடிதம் அது. உங்களாலும் முடியாத நிலை என்றால் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்க் கால அளவை நீட்டி மாதத் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். தவறிய பிறகு அதே மேஜையில் அதே அதிகாரி வேறு மாதிரி பேசுவார்.

உங்கள் கடன், ஓவர்டிராஃப்ட் வகை ஹோம் லோன் என்றால் அவசரமாக ஒரு வேலை இருக்கிறது. அதில் கூடுதலாகக் கட்டி வைத்த பணத்தை ஒருவர் மட்டும் எடுத்துவிட முடியலாம். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் பணம் எடுக்க விடவோ டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) கொடுக்கவோ கூடாது என்று வங்கிக்கு எழுத்து மூலம் கொடுங்கள்.

4. கணக்குப் போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 43,391 ரூபாய். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் மொத்தம் 26 லட்சம் போயிருக்கும். அசலில் குறைந்தது 6 லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. இன்னும் 44 லட்சம் பாக்கி. இந்த எண்ணைப் பார்த்ததும் இருவருக்கும் பேச்சு நின்றுவிடும். 'நான் இத்தனை கட்டினேனே' என்று சொல்வதில் பெரும்பகுதி வட்டியாகவே கரைந்துவிட்டது.

அந்த ஃபிளாட் இன்றைக்கு 80 லட்சம் போகும் என்று வையுங்கள். 80-இல் 44 கழித்தால் 36 லட்சம். உங்கள் இருவருக்கும் நடுவில் உண்மையில் இருப்பது அவ்வளவுதான், சமபங்கு என்றால் ஆளுக்கு 18. வீட்டை வைத்துக்கொள்ள விரும்புபவர் அந்த 18 லட்சத்தை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும், 44 லட்சம் கடனையும் தன் ஒருவர் சம்பளத்தில் தாங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் 'வீடு எனக்குத்தான்' என்று சொல்ல வேண்டும். விலையைத் தரகரிடம் மட்டும் கேட்காதீர்கள். அதே குடியிருப்பில் சமீபத்தில் விற்ற வீடு எவ்வளவு போனது என்று விசாரியுங்கள், இருவருக்கும் பொதுவாக ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்ளுங்கள்.

5. வீட்டை ஒருவர் வைத்துக்கொள்வதென்றால்

இங்கேதான் வரிசை தப்பினால் பணம் போகும்.

முதலில் வங்கி. 'கோ-அப்ளிகன்ட் பெயரை நீக்குங்கள்' என்று ஒரு மனுக் கொடுத்தால் முடிந்துவிடும் வேலை இல்லை இது. மிச்சமுள்ள ஒருவருக்கு இன்றைக்குப் புதிதாக இந்தக் கடனைக் கொடுப்போமா என்று வங்கி முதலிலிருந்து பார்க்கும். சம்பளச் சீட்டு, வேறு கடன்கள், சிபில், வயது எல்லாவற்றையும். என் சம்பளத்துக்கு 36 லட்சம்தான் தர முடியும் என்றார்கள், பாக்கியோ 44. அப்பாவைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். ரிட்டயர் ஆனவர், வயது தாண்டிவிட்டது என்று மறுத்தார்கள். 8 லட்சத்தை அண்ணன் கடனாகக் கொடுத்தான். அதை அசலில் கட்டிக் குறைத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. யாராவது கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், கேட்பது நின்றுவிடும்.

இருக்கும் வங்கி இழுத்தடித்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது இரண்டாவது வழி. ஒரே பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பது. எனக்குக் கேட்டால் இதுதான் சுத்தமான வழி என்பேன். பழைய கணக்கு பூஜ்யமாகி மூடப்படுவதால், வெளியேறுபவரின் கையெழுத்தும் அதோடு முடிந்துவிடுகிறது. ப்ராசஸிங் கட்டணமும் புது எம்.ஓ.டி. பதிவுச் செலவும் உண்டு. தமிழ்நாட்டில் எம்.ஓ.டி.க்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, அதிகபட்சம் 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 6,000.

அடுத்து பத்திரம். வெளியேறுபவர் தன் பங்கை மற்றவருக்கு மாற்றிப் பதிய வேண்டும். இதைக் கணவன் மனைவியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள், விவாகரத்து ஆணை வந்த பிறகு செய்யாதீர்கள். காரணம் செலவு. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகான தொகை இது. அந்தக் குடும்பப் பட்டியலில் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள், முன்னாள் கணவனும் முன்னாள் மனைவியும் இல்லை. ஆணைக்குப் பிறகு கிரையமாகப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்.

மாற்றும் பங்கின் மதிப்பு 40 லட்சம் என்றால் ஆணைக்கு முன் 50,000 ரூபாய், பின் 3,60,000 ரூபாய். அதே வீடு, அதே இரண்டு பேர், அதே கையெழுத்து. நடுவில் ஒரு தேதி மட்டும் மாறியிருக்கும். தனித்தனியாக எத்தனை வருடம் வாழ்ந்தாலும், ஆணை வரும்வரை சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான்.

இதில் ஒரு நெளிவு உண்டு. செட்டில்மென்ட் என்பது பணம் வாங்காமல் கொடுப்பது. 18 லட்சத்தை வாங்கிக்கொண்டு 'அன்பின் நிமித்தம் கொடுத்தேன்' என்று எழுதினால் அது பின்னால் வினையாகும். பணம் கைமாறும் இடத்தில், கூட்டு உரிமையாளர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் போன்ற வேறு வழிகள் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும், அதற்கு எவ்வளவு தீர்வை என்பதை உண்மையைச் சொல்லி வக்கீலிடமும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸிலும் முன்கூட்டியே கேளுங்கள். வாசலில் மேஜை போட்டிருக்கும் பத்திர எழுத்தர் 'எல்லாம் பார்த்துக்கலாம்மா' என்பார். பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

மூலப் பத்திரம் வங்கியில் இருப்பதால், பதிவுக்கு வங்கியின் தடையில்லாச் சான்றை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் நம்பிக்கை. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறட்டும், பிறகு கடனை மாற்றித் தருகிறோம் என்கிறது வங்கி. கடனிலிருந்து என்னை விடுவிக்கட்டும், பிறகு பத்திரம் போடுகிறேன் என்கிறார் வெளியேறுபவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். எங்களுக்குப் பலித்த வழி இது: 'பங்கு மாற்றம் பதிவானதும் இவர் ஒருவர் பெயரில் கடன் தொடரும், மற்றவர் விடுவிக்கப்படுவார்' என்று வங்கியிடமிருந்து நிபந்தனையோடு சாங்ஷன் லெட்டரை முதலில் வாங்கினோம். காலையில் பத்திரம் பதிந்தோம். மதியம் அதே ரசீதோடு வங்கிக்குப் போய்ப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து, விடுவிப்புக் கடிதம். நடுவில் இருவரும் ஒரே ஆட்டோவில் போக வேண்டியிருந்தது. பேசிக்கொள்ளவில்லை, மீட்டருக்கு மேல் எவ்வளவு கேட்பார் என்பதைத் தவிர.

வெளியேறுபவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: அந்தச் சாங்ஷன் லெட்டர் கையில் வராமல் பங்கை எழுதிக் கொடுக்காதீர்கள். வீடு போய்க் கடன் மட்டும் மிஞ்சும். பிறகு நீங்கள் புதிதாக வீட்டுக்கடன் கேட்கப் போனால், பழைய இ.எம்.ஐ. உங்கள் தலையில் நிற்பதாகத்தான் எல்லா வங்கியும் கணக்குப் போடும்.

6. விற்பதென்றால்

வலி அதிகம், சிக்கல் குறைவு. அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்கலாம். வங்கியிடம் ஃபோர்க்ளோஷர் லெட்டர் வாங்கினால், இந்தத் தேதிக்கு இவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்று அதில் இருக்கும். வாங்குபவரும் கடன் வாங்குகிறார் என்றால் அவர் வங்கி நேராக உங்கள் வங்கிக்குக் காசோலை கொடுத்துப் பத்திரங்களை வாங்கிக்கொள்ளும். மிச்சப் பணம் இரண்டு தனித்தனிக் காசோலையாக வர வேண்டும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒருவர் கணக்குக்கு வந்து பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (விலையிலேயே கழித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார், இருவர் பான் எண்ணிலும் அவரவர் பங்குக்கு வர வேண்டும். விற்பவரில் ஒருவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் பிடிப்பு இதைவிட மிக அதிகம், ஆடிட்டரைப் பாருங்கள். வாங்கி 24 மாதத்துக்கு மேல் ஆனால் லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம். சாவி வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால், அசலுக்காக முன்பு வாங்கிய வரிச் சலுகை திரும்பிப் போய்விடும்.

இருவர் பெயரிலும் அப்படியே வைத்து வாடகைக்கு விடுவது மூன்றாவது வழி. பிள்ளையின் பள்ளிப் படிப்பு முடியும்வரை என்பதுபோல் ஒரு முடிவுத் தேதி இருந்தால் மட்டும் செய்யுங்கள். தேதி இல்லாமல் தொடர்ந்தால், தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்குக்கூட இருவரும் பேச வேண்டியிருக்கும்.

7. நீதிமன்றத்தில் எழுத வேண்டியவை

பரஸ்பர சம்மத விவாகரத்தில், இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி, ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகு மனுப் போடலாம். முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில் ஆறு மாத இடைவெளி உண்டு. அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பலரும் சீக்கிரம் முடிக்கத் துடிக்கிறார்கள். ஹோம் லோன் இருப்பவர்கள் அவசரப்படாதீர்கள் என்பேன். வங்கி வேலையும் பத்திர வேலையும் முடிக்கக் கிடைக்கும் காலமே அந்த ஆறு மாதம்தான்.

மனுவோடு சேர்க்கும் சமரச ஒப்பந்தத்தில் 'கடனை மனைவி பார்த்துக்கொள்வார்' என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். கடன் கணக்கு எண், இன்றைய பாக்கி, எந்தத் தேதிக்குள் மற்றவரை விடுவிக்க வேண்டும், அதுவரை இ.எம்.ஐ. யார், தவறினால் என்ன, அந்தத் தேதிக்குள் வங்கி ஒப்புக்கொள்ளாவிட்டால் வீட்டை விற்க இருவரும் கையெழுத்துப் போடுவோம் என்பதுவரை எழுத வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். நீதிமன்ற ஆணை உங்கள் இருவரைக் கட்டுப்படுத்தும், வழக்கில் இல்லாத வங்கியைக் கட்டுப்படுத்தாது.

பேச்சே நடக்கவில்லை என்றால், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்தில் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கே நடப்பது வெளியில் போகாது. எங்கள் அடகு ரசீதுகள் முதன்முதலாக மேஜைக்கு வந்தது அங்கேதான்.

வீட்டிலிருந்து துரத்தப்படும் பயம் உள்ள பெண்களுக்கு: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைத் தருகிறது. அது தங்கும் உரிமை மட்டும்தான், சொத்துரிமை வேறு.

துணைவர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் வேண்டும். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய பத்திரத்துக்கு, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

8. எல்லாம் முடிந்த பிறகு

கடன் முழுதும் அடைந்திருந்தால், 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் தவறென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு, 2023 டிசம்பரிலிருந்து இது விதி. பத்திரங்களை வாங்கும்போது பழைய பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், தாய்ப்பத்திரம் உட்பட. எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீதைப் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்த வரி தீரும்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து இருவரும் தனித்தனியாகச் சிபில் ரிப்போர்ட்டை எடுங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். விடுவிக்கப்பட்டவர் பெயரில் கடன் இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். வங்கியே பதில் சொல்லாவிட்டால், 30 நாள் பொறுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை.

கடன் இன்ஷூரன்ஸில் நாமினி யார் என்று பாருங்கள். எனக்கு அது நினைவுக்கு வந்தது எட்டு மாதம் கழித்து. சொத்து வரி, குடிநீர் வாரியம், மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்ற வேண்டும். மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்குப் புதிதாகப் பதிந்த பத்திரத்தின் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். அசோசியேஷன் செயலாளருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் மெயின்டனன்ஸ் ரசீது இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. அடுத்த பொதுக்குழுவில் மாற்றித் தருகிறேன் என்று செயலாளர் இரண்டு பொதுக்குழுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.